நதேஷ்தாவின் இரண்டு தலைவர்கள்

உள்ளறையில் ஏதோ சரிந்து விழுந்தது. ஒன்றல்ல, கொத்தாக. மரத் தரையில் உடுப்பு மாட்டும் கம்பிக் கொழுவிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சிதறும் சத்தம். குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த ஞானம்மா கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. தரையெங்கும் உடுப்புகள். கட்டிலின் விளிம்பில் கனகசபை ஒரு கையால் அலுமாரியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு வெள்ளைச் சேட். அதை எடுப்பதற்குத்தான் இத்தனை சேதம்.

"எழும்பக் கூடாதெண்டு நேற்றும் அந்த நேர்ஸ் பிள்ளை சொல்லிப்போட்டெல்லோ போனது?"

"நான் எழும்பேல்லை. சரிஞ்சனான்."

"அதென்ன வித்தியாசம்?"

"எழும்பினா ஆம்பிளை. சரிஞ்சா வருத்தக்காரன்."

ஞானம்மா குனிந்து உடுப்புகளைப் பொறுக்கினாள். முகத்தைக் காட்டாமல் இருக்க அது ஒரு வழி.

"வேட்டியையும் எடு. கட்டி விடு. தம்பி வாறான். கட்டியிருக்கிற சாரத்தோட அவனுக்கு முன்னால கிடக்கேலாது."

"வாறது உங்கட தம்பிதானே. ஜனாதிபதியே வாறார்?"

"கப்டன் மன்னிப்புக் கேட்கப் போகேக்க முழு உடுப்போடதான் போனவன்."

"இன்னும் அந்தக் கப்பலோ?" ஞானம்மா வேட்டியை உதறினாள். "எனக்குச் சக்களத்தி இல்லையெண்டு சனம் நினைக்குது. எனக்கெல்லோ தெரியும்."

கனகசபை சிரித்தார். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த வயிற்றுக்குள் இருப்பதை வெட்டவும் முடியாது, கரைக்கவும் முடியாது என்று சூரிச் மருத்துவர்கள் மார்கழியிலேயே கைவிரித்துவிட்டார்கள். இப்போது 2008 பெப்ரவரி. சூரிச்சை ஒட்டிய ஷ்லீரன் என்ற ஊரில், அந்த மூன்றாம் மாடி வீட்டு யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ரயில் பாதையை விழுங்கியிருந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டது. ரயில் தெரியவில்லை.

சாவுக்குக் கனகசபை பயப்படவில்லை. அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. தனக்குக் கொள்ளி வைக்கப்போவது யார் என்பது. பிள்ளை இல்லாத ஒருவனுக்கு அந்தக் கவலை வருவது இயல்பு. ஆனால் கனகசபைக்குப் பிள்ளை இருந்தான். ஊருக்கும் உலகத்துக்கும் சுவிஸ் அரசாங்கத்துக்கும் தெரிந்த ஒரே மகன். அதுதான் துயரம்.

*

மட்டக்களப்பிலிருந்து கனகசபை சுவிசுக்கு வந்தது எண்பத்தைந்தில். கிழக்கு பெர்லின் வழியாக, இரவல் கோட்டோடு. பக்கத்து ஊரான டீட்டிகோனில் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார். வெந்நீரில் விரல்கள் வெளுத்து ஊறிப்போயின. பிற்பாடு அலுவலகங்கள் துடைத்தார். அதற்கும் பிற்பாடு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நிரந்தர வேலை கிடைத்தது. இந்த நாட்டில் ஆயிரம் தமிழர்களுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. ஒரு கப்பல் மட்டும் அவருக்கென்று தனியாக வந்து சேர்ந்தது.

ஷ்லீரன் தேவாலய மண்டபத்தில் அகதிகளுக்கு டொச் எனப்படும் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்தவர் திருமதி பெர்ச்சி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கிருந்து வருகிறாய் என்று அவர் கேட்டபோது கனகசபைக்கு வார்த்தை வரவில்லை. தாளில் கடலை வரைந்து காட்டினார். அடுத்த கிழமை அந்த அம்மா ஒரு தடித்த பழைய புத்தகத்தோடு வந்தார். கடலே இல்லாத சூரிச்சிலிருந்து ஒருவன் கடலுக்குப் போன கதை அதில் இருந்தது. ஹோர்னர் என்ற வானியலாளர். இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒரு ரஷ்யப் பாய்மரப் போர்க்கப்பலில் ஏறி, நட்சத்திரங்களை அளந்துகொண்டே உலகத்தைச் சுற்றியவர்.

கப்பலின் பெயர் நதேஷ்தா. ரஷ்ய மொழியில் நம்பிக்கை என்று அர்த்தம். ஆனால் அது பிறக்கும்போது அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. இங்கிலாந்தில் கட்டப்பட்டு லியாண்டர் என்று அழைக்கப்பட்ட கப்பலை, ரஷ்யர்கள் 1803இல் லண்டனில் வாங்கிப் பெயரை மாற்றினார்கள். மூன்று பாய்மரங்கள், பக்கவாட்டில் பீரங்கிகள், உச்சியில் ரஷ்யக் கொடி. நேவா என்ற இன்னொரு கப்பலும் கூடப் போனது. ரஷ்யர்கள் உலகைச் சுற்றிவந்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு சொல்லாக, அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கனகசபை அந்தக் கப்பலில் ஏறினார். தென்னமெரிக்காவின் முனையில் புயல். பசுபிக்கின் நடுவில் நுக்கு ஹிவா தீவு. கம்சட்காவின் குளிர். பிறகு நாகசாகி. அங்கே ரஷ்யர்களின் வெடிமருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, மூங்கில் வேலிக்குள் அடைத்து, பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள் ஜப்பானியர்கள். அந்த இடம் வந்ததும் கனகசபை வகுப்பிலேயே சிரித்துவிட்டாராம்.

"அவங்களையும் அகதிக் காம்பிலதான் வைச்சிருக்கிறாங்கள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ஆறு மாசம் கழிச்சு நெகட்டிவ் குடுத்து அனுப்பியும் போட்டாங்கள்."

அகதி மனு நிராகரிக்கப்படுவதற்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. அந்த ஒரு சொல்லைக் கேட்டு வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள்.

*

தொண்ணூற்றிரண்டில் கனகசபைக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. மனைவியை அழைக்கலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைக்கலாம். ஞானம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை.

ஊரில் தம்பி குகதாசனுக்கு ஒரு மகன். ஒன்பது வயது. அது மட்டக்களப்பில் பிள்ளைகள் காணாமற்போன காலம். பள்ளிக்கூடம் போனவன் திரும்பி வருவானா என்று தாய்மார் ஒழுங்கையில் நின்ற காலம். ஒரு நாள் தொலைபேசியில் குகதாசன் கேட்டான்: "அண்ணை, இவனை உங்கட மகனெண்டு உங்கட பேரில எடுப்பியளோ?" மறுமுனையில் கனகசபை அழுதாராம். அழுதது துக்கத்திலா சந்தோஷத்திலா என்று கடைசிவரை அவருக்கே தெரியவில்லை.

கொழும்பு விமான நிலையத்தில் மகனின் தலையைத் தடவியபடி குகதாசன்தான் சொல்லிக்கொடுத்தான். "இனிமே பெரியப்பாதான் அப்பா. பெரியம்மாதான் அம்மா. ஆர் கேட்டாலும் அதுதான். என்னைப் பற்றிக் கேட்டா, சித்தப்பா எண்டு சொல்லு. எங்க, சொல்லிக் காட்டு மனே."

தினேசன் என்ற அந்தச் சிறுவன் சொல்லிக் காட்டினான். நன்றாகச் சொன்னதற்குத் தகப்பன் ஒரு சொக்கலேட் வாங்கிக் கொடுத்தான்.

ஷ்லீரனுக்கு வந்த முதல் மாதங்களில் பிள்ளை ஒவ்வொரு மாலையும் அழுதான். ஞானம்மா மடியில் போட்டுத் தாலாட்டினாலும் தீரவில்லை. வேறு வழி தெரியாத கனகசபை கப்பலைக் கொண்டுவந்தார். நாளுக்கு ஒரு துறைமுகம். அழுகை குறைந்து, "பிறகு?" என்ற கேள்வி தொடங்கியது. ஒரு நாள் கப்பலின் பெயர் மாறிய இடம் வந்தது.

"இங்கிலாந்துக்காரன் கட்டினது. ரஷ்யாக்காரன்ர பேரில ஓடினது" என்றார் கனகசபை.

பிள்ளை யோசித்தான். "அப்ப கப்பலுக்கு அழுகை வரேல்லையோ?"

கனகசபை எழுந்து யன்னலடிக்குப் போனார்.

அந்தக் கப்பலில் ஒரு சண்டை நடந்தது. ஒரு கப்பலுக்கு ஒரு தலைவன்தான் இருக்க முடியும். நதேஷ்தாவுக்கு இருவர். குரூசென்ஸ்டெர்ன் கப்டன், கடலறிந்தவர், பயணத்தைத் திட்டமிட்டவர். ரெசானோவ் ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட தூதர். இருவரிடமும் அரசின் ஆணை இருந்தது. இரண்டு ஆணையும் செல்லும். நான்தான் தலைவன் என்று தூதர் சொன்னார். நீ வெறும் பயணி என்றார்கள் அதிகாரிகள். நுக்கு ஹிவாவில் அவரை மேல்தளத்துக்கு வரவைத்து, அரசனின் கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் செய்தார்கள். அவர் வாசித்தார். அவர்கள் சிரித்தார்கள். தூதர் தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். கம்சட்கா கண்ணில் படும்வரை, அந்த வெக்கையிலும், அவர் வெளியே வரவேயில்லை.

இந்த இடத்தைக் கனகசபை எப்போதும் கப்டன் பக்கம் நின்றே சொன்னார். "கடிதம் ஆரும் வைச்சிருக்கலாம். கப்பலைக் கொண்டுபோனவன் ஆர்? அவன்தான் தலைவன்."

*

2001இல் குகதாசனும் மனைவி இராஜேஸ்வரியும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் சுவிசுக்கு வந்து அகதி மனுப் போட்டார்கள். முகாமுக்குப் பார்க்கப் போனார்கள் கனகசபையும் ஞானம்மாவும். கூடவே தினேசன். பதினெட்டு வயது, தகப்பனைவிட உயரம்.

இராஜேஸ்வரி அவனைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். குகதாசன் இரண்டு கைகளையும் நீட்டினான். சுற்றிலும் சனம். மேசையில் ஒரு அதிகாரி. தினேசன் ஒன்பது வயதில் பழகியதைப் பழகியபடியே சொன்னான்.

"வாங்கோ சித்தப்பா. சுகமா இருக்கிறியளோ?"

குகதாசன் கைகளை மடக்கிக்கொண்டான். "ஓம் தம்பி. சுகம்."

அவர்களுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. டீட்டிகோனில் ஒரு பண்டகசாலையில் குகதாசன் பெட்டி அடுக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷ்லீரனுக்கு வருவான். சோறு தின்பான். அண்ணனின் கப்பல் கதையைக் கேட்பான். ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "கட்டினவன் ஒருத்தன், கொடி ஏத்தினவன் வேற ஒருத்தன். நல்ல கதைதான் அண்ணை."

ஞானம்மா மேசையில் கிடந்த கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

2005இல் தினேசனுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. கனகசபை வீட்டில் விருந்து. கோயில் நிர்வாகத்தார், வேலைத்தலத்து நண்பர்கள் என்று இருக்க இடமில்லாத கூட்டம். அதில் ஒருவர் தினேசனின் முகத்தைப் பார்த்துப் பகிடியாகச் சொன்னார், "மூக்கு அப்பிடியே சித்தப்பன்ர மூக்கு."

மூலையில் நின்ற குகதாசன் மெதுவாகச் சொன்னான். "பின்ன ஆர்ர மூக்கு வரும்? பெத்தவன்ர மூக்குத்தானே வரும்."

தலைகள் அவன் பக்கம் திரும்பின. கனகசபை பாய்ந்து போய்த் தம்பியின் தோளில் கை போட்டார்.

"தம்பிக்குக் கொஞ்சம் ஏறிட்டுது. குடிச்சா இவன் எல்லாப் பிள்ளைக்கும் தகப்பன்."

வீடே சிரித்தது. கனகசபையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம்பியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் லிஃப்டில் ஏற்றி அனுப்பினார். குகதாசன் வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை. அது அங்கே சிரித்தவர்களில் மூன்று பேருக்குத் தெரியும். கனகசபைக்கு, ஞானம்மாவுக்கு, தினேசனுக்கு.

அன்றோடு குகதாசன் ஷ்லீரனுக்கு வருவதை நிறுத்தினான். கோயிலில் கண்டால் தூணின் மறுபக்கம் போய்விடுவான். சகோதரர்கள் கோபம் என்று ஊரெல்லாம் கதை. காரணம் காசு என்று சிலர், காணி என்று சிலர். சனம் சொன்ன காரணங்கள் எவ்வளவு நல்லவை. அவற்றில் ஒன்று உண்மையாக இருந்திருக்கக் கூடாதா?

*

மூன்று வருடம் கழித்து, அந்தப் பெப்ரவரி நாளில், குகதாசன் வேலை உடுப்போடேயே வந்தான். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டிகள் தைத்த மஞ்சள் மேற்சட்டை. அவனைக் கூட்டிவர டீட்டிகோன் போயிருந்த தினேசன் பின்னால் வந்தான். வரும் வழியில் இருவரும் காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்திருந்தார்கள்.

"வாங்கோ தம்பி" என்றாள் ஞானம்மா.

"சுகமோ மச்சாள்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வியின் அபத்தம் உறைத்து, அவன் அறைக்குள் போனான்.

கட்டிலில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாகத் தலையணையில் சாய்ந்திருந்தார் கனகசபை. சேட்டுக்குள் ஆள் இல்லை. கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை போகும். குகதாசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு."

"நிண்டாலும் கேக்கும்."

"மூண்டு வருசமா நிக்கிறாய். கால் நோகேல்லையோ?"

"நீங்கள் மூண்டு வருசமாப் படுத்திருக்கேல்லைத்தானே. வந்திருக்கலாம்."

தினேசன் கதிரையை நகர்த்தி வைத்தான். குகதாசன் அதன் நுனியில் இருந்தான்.

"அண்டைக்கு நீ குடிக்கேல்லை" என்றார் கனகசபை.

"அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதைத்தான் சொல்லக் கூப்பிட்டனான். சனத்தை உன்னைப் பாத்துச் சிரிக்க வைச்சன். உன்ர பிள்ளைக்கு முன்னால. என்னை மன்னிச்சுக்கொள்ளு தம்பி."

"இதுக்கோ வேட்டி?"

"இதுக்குத்தான் வேட்டி. கம்சட்காவில கப்டன், ஆபிசர்மாரோட முழு உடுப்பில போய் அந்த ரெசானோவிட்ட மன்னிப்புக் கேட்டவர். ரெசானோவ் அப்பிடித்தான் சொல்லுறார். கப்டன் பக்கம் ஒண்டும் சொல்லேல்லை."

"மன்னிச்சவரோ?"

"மன்னிச்ச மாதிரித்தான் வெளியில. அடுத்த வருசம் கப்பலை விட்டே இறங்கிப் போயிட்டார்."

குகதாசனின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. "அந்தக் கப்பல் கடைசியில என்னாச்சுது? நீங்கள் அதைச் சொன்னதேயில்லை."

சுவரோரம் நின்ற தினேசனும் நிமிர்ந்தான். கப்பல் உலகைச் சுற்றி 1806இல் தன் துறைமுகத்துக்குத் திரும்பியதோடு அவனுக்கும் கதை முடிந்திருந்தது.

"சாமான் ஏத்த விட்டினம்" என்றார் கனகசபை. "பீரங்கி வைச்ச கப்பல், உலகத்தையே சுத்தின கப்பல். ரெண்டு வருசத்தில ஒரு வியாபாரியிட்ட வாடகைக்குப் போயிட்டுது. அமெரிக்காவுக்குச் சாமான் கொண்டுபோகேக்க டென்மார்க்குக்குக் கிட்ட ஐசில மாட்டினது. ஐஸ் நெரிச்சு உடைச்சுப்போட்டுது. சண்டையில்லை, புயலில்லை. சும்மா நெரிபட்டுச் செத்தது."

வெளியே ஒரு ரயில் போனது.

"இனி என்ர விஷயம்" என்றார் கனகசபை. "எனக்கு நீதான் கொள்ளி வைக்க வேணும். பிள்ளையில்லாதவனுக்குத் தம்பி வைக்கிறது முறை. எல்லாருக்கும் முன்னால நீ வை. தினேசன் உன்ர பக்கத்தில உன்ர மகனா நிக்கட்டும். நான் எடுத்ததைத் திருப்பித் தாறன்."

ஞானம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்தினாள். இதை அவர் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

பதினாறு வருடங்களாகக் குகதாசன் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது அதை வாங்கக் கை எழும்பவில்லை.

"பிள்ளையின்ர பாஸ்போட்?" என்றான்.

"அது வந்திட்டுதுதானே."

"வந்து மூண்டு வருசம். அஞ்சு வருசத்துக்குள்ள பொய் சொன்னது பிடிபட்டாப் பறிக்கலாம். எனக்கு டொச் வராது. ஆனா இது தெரியும். ஒரு கிழமை நித்திரை கொள்ளாமத் தெரிஞ்சுகொண்டது." அவன் குரல் உயரவேயில்லை. "மகன் நிக்கேக்கத் தம்பியேன் வைக்கிறான் எண்டு அங்கேயே கேப்பினம். பிறகு ஆராவது ஒருத்தன் மொட்டைக் கடிதம் எழுதுவான். எங்கட சனத்தில எழுத ஆளில்லையோ?"

கனகசபை கண்ணை மூடினார். குடியுரிமைச் சட்டத்தை அவரும் அறிவார். சாகப்போகிற மனம் அதை வசதியாக மறந்திருந்தது.

"அப்ப இவன் வைக்கட்டோ?"

"அதை என்னட்டக் கேக்கிறியளோ?" குகதாசன் மஞ்சள் சட்டையின் கைகளைப் பிசைந்தான். "நான் உயிரோட இருக்கிறன் அண்ணை. தகப்பன் உயிரோட இருக்கேக்க மகன் மீசையை எடுத்துப்போட்டுத் தகப்பன் செத்தவனா நிண்டு கொள்ளி தூக்கிறதோ? இராஜேஸ்வரி ராவு முழுக்க அழுது முடிச்சவள். 'உங்களை உயிரோட எரிக்கிறதும் இதுவும் ஒண்டுதான்' எண்டு சொல்லுறாள்."

"நான் வைக்கமாட்டன்" என்றான் தினேசன். "ஆரும் வைக்க வேண்டாம். இங்க பட்டன் அமத்தினாப் பெட்டி உள்ளுக்குப் போகும். சுவிஸ்காரன் அப்பிடித்தானே போறான்."

"வாயை மூடடா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அவனுக்கு வாய்த்த இரண்டு தகப்பன்மாரும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஒன்றாக இருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு அறையில் எதுவோ இளகியது. குகதாசன் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டான். அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி. இவன் வைக்கட்டும்."

"நீ?"

"நான் வரமாட்டன்."

"என்ர செத்த வீட்டுக்கோ?"

"ஓம். நான் அங்க நிண்டா, இவன் குனியேக்க என்ர கை தானா நீளும். ஒருக்கா முகாமில நீட்டி மடக்கினது காணும் அண்ணை. இன்னொருக்கா மடக்க எனக்குப் பெலனில்லை. சனம் கண்டுபிடிச்சிடும்."

"கூடப் பிறந்தவன் பிணத்தடிக்கு வரேல்லை எண்டு உன்னைக் காறித் துப்புவினமடா."

"துப்பட்டும். மூண்டு வருசமாக் கோவம், அதுதான் வரேல்லை எண்டு நம்புவினம். எங்கட கோவம் அதுக்கெண்டாலும் உதவட்டும். நாங்கள் சமாதானம் எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது மச்சாள். இண்டைக்கு நான் இஞ்ச வரேல்லை."

கனகசபையின் கண்களிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கித் தலையணைக்குள் போனது. துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. அது தம்பியின் மடியில் இருந்தது. பதினாறு வருடம் ஒரு மகனுக்காக இழுபட்ட இருவரும், இப்போது அவனுக்காகவே ஒருவரையொருவர் இழந்தாக வேண்டும். சமாதானம் கிடைத்த அதே நிமிடத்தில் அதைப் புதைத்துவிட வேண்டும். கடவுளே, இதைவிட அந்தப் பகையே மேல் என்று ஞானம்மாவுக்குத் தோன்றியது.

"இவர் என்னவும் தின்னுறாரோ?" என்று குகதாசன் அவளிடம் கேட்டான்.

"கஞ்சிதான். ரெண்டு கரண்டி."

"கொண்டு வாங்கோ. நான் குடுக்கிறன்."

கொண்டு வந்தாள். குழைந்த அரிசி, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால். குகதாசன் எழுந்தான். மின்னும் பட்டிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கரண்டியை அவன் எடுக்கவில்லை. கிண்ணத்துக்குள் வலது கையின் விரல்களைவிட்டு, கஞ்சியிலிருந்து கொஞ்சம் சோற்றை மட்டும் எடுத்தான்.

அப்போதுதான் ஞானம்மாவுக்கு விளங்கியது. பிணத்தின் வாயில் உறவுகள் இடும் கடைசி அரிசி. அன்றைக்கு வரமுடியாதவன் இன்றைக்கே இடுகிறான். உயிரோடு இருப்பவருக்குச் செய்யக் கூடாத காரியம். தடுக்க வேண்டும் என்று வாயெடுத்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கியிருந்தது. விளங்கிக்கொண்டு, பால்குடிப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து காத்திருந்தார். அவள் அறையை விட்டு வெளியே போனாள்.

குகதாசன் அந்தச் சோற்றை அண்ணனின் நாக்கில் வைத்தான்.

"முழுங்குங்கோ அண்ணை."

கனகசபை விழுங்கினார். விழுங்க வெகுநேரம் எடுத்தது.

"உப்புக் காணாது" என்றார்.

"உங்களுக்கு எப்பவும் அப்பிடித்தான்."

அவன் அண்ணனின் வாயைத் துடைத்தான். சேட்டின் மேல்பொத்தானைப் பூட்டிவிட்டான். பிறகு கால்மாட்டுக்குப் போய் வேட்டிக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்து, நெற்றியை அவற்றின் மேல் வைத்தான். கனகசபை மகனைக் கண்ணால் வெளியே போகச் சொன்னார். தினேசன் போனான். உள்ளே அண்ணன் தம்பி என்ன கதைத்தார்கள், கதைத்தார்களா என்பதே யாருக்கும் தெரியாது.

குகதாசன் வெளியே வந்தபோது மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தான். முகம் கழுவியிருந்தான். ஞானம்மா மேசையில் புட்டு வைத்திருந்தாள். அவன் பார்த்தான், தலையை ஆட்டினான். சாப்பிட இருக்கவில்லை.

"போறன் மச்சாள்." ஊரில் யாரும் போறன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, போயிட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். அவன் தெரிந்தேதான் சொன்னான்.

வாசலில் தினேசன் சப்பாத்தை எடுத்து வைத்தான். குனிந்து நாடாவைக் கட்டிய குகதாசனின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உச்சியில் மயிர் உதிர்ந்து வழுக்கை தெரிந்தது. தனக்கும் ஒருநாள் அந்த இடத்தில்தான் உதிரும் என்று அவனுக்குத் தோன்றியது. ஒன்பது வயதிலிருந்து நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்த சொல் அசைந்து தொண்டைக்கு வந்தது.

"அ..."

குகதாசன் சட்டென்று எழுந்து அவன் வாயில் கையை வைத்தான். விரல்களில் கஞ்சியின் மணம் இருந்தது.

"வேண்டாம். வாய் பழகினாச் சபையில வந்திடும். இத்தனை வருசம் நல்லாத்தானே சொன்னனி. இப்பவும் அப்பிடியே சொல்லு."

தினேசனின் கண்கள் நிறைந்து வழிந்து அந்தக் கையை நனைத்தன. குகதாசன் கையை எடுத்தான்.

"போயிட்டு வாங்கோ... சித்தப்பா."

"அதுதான். கெட்டிக்காரன்."

லிஃப்டுக்குப் போகாமல் அவன் படியில் இறங்கினான். முதல் திருப்பத்தில் நின்று, நிமிராமலே சொன்னான்.

"கதவைச் சாத்து. பக்கத்து வீட்டுக்காரர் பாப்பினம்."

தினேசன் கதவைச் சாத்தினான்.